எரிசாராயமும் உழவரின் விளைபொருளே

சாராயம் என்ற சொல்லைக் கேட்டாலே கிராமங்களில் பலர் முகம் சுளிப்பார்கள். குடியால் நொடித்துப்போன குடும்பங்களைக் கண்ணெதிரே கண்டவர்களுக்கு அந்த வெறுப்பு இயல்பானது. அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் இந்த வெறுப்பின் காரணமாக ஒரு விஷயம் விவசாயிகளின் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. ஆலை வாயிலில் வண்டியை எடை போட்டுவிட்டுத் திரும்பும் கரும்பு விவசாயி, தன் கரும்பு முழுவதும் சர்க்கரைக்கே போகிறது என்று எண்ணுகிறார். அதே கரும்பிலிருந்து ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டும், பெயிண்டுக்கும் மருந்துக்கும் வேண்டிய கரைப்பானும், பெட்ரோலில் கலக்கும் எரிபொருளும் கிடைப்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. கணக்கில் சேர்க்காத பொருளுக்கு யாரும் விலை கேட்பதும் இல்லை.

நெல் அறுத்தவர் வைக்கோலையும் விற்கிறார். அந்தக் காசு அவர் மடியில் விழுகிறது. கடலை பறித்தவர் கொடியை மாட்டுக்குப் போடுகிறார். கரும்பு வெட்டியவரோ சர்க்கரை, சக்கை, கழிவுப்பாகு எல்லாவற்றையும் ஒரே எடையில் ஆலைக்குக் கொடுத்துவிடுகிறார். அந்தக் கழிவுப்பாகிலிருந்துதான் எரிசாராயம் வடிக்கப்படுகிறது. ஆகவே எரிசாராயம் ஆலையின் சரக்கு மட்டும் அன்று. உழவரின் விளைபொருளும் ஆகும். அது எங்கெல்லாம் பயன்படுகிறது, அதன் மதிப்பில் பயிரிட்டவருக்கு என்ன பங்கு, அதே தோற்றத்தில் உலவும் விஷத்திலிருந்து தப்புவது எப்படி என்பனவற்றைச் சிறு விவசாயிகள் அறிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

ஒரே நிறம், வேறு வேறு குணம்

ஆல்கஹால் என்பது ஒரு தனிப் பொருளின் பெயர் அன்று. ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் நால்வரைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது எத்தில் ஆல்கஹால். எத்தனால் என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, எடைக்கணக்கில் ஏறத்தாழப் பாதியை ஆல்கஹாலாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கள் பானையில் நுரை பொங்குவது இந்த வாயுவால்தான். ஆலையில் கழிவுப்பாகை நீர்விட்டுப் புளிக்கவைத்து, வடிகலத்தில் வடித்தால் 95 சதவீத அளவுள்ள ஸ்பிரிட் கிடைக்கும். எஞ்சிய நீரையும் நீக்கினால் பெட்ரோலில் கலக்கும் தரத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது மெத்தில் ஆல்கஹால், அதாவது மெத்தனால். முற்காலத்தில் மரத்தைக் காற்றுப் புகாமல் சூடாக்கி வடித்து எடுத்ததால் இதற்கு மர ஸ்பிரிட் என்ற பெயரும் உண்டு. இன்று பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து தயாராகிறது. இது கொடிய விஷம்.

மூன்றாவது ஐசோ புரொப்பைல் ஆல்கஹால். பெட்ரோலியப் பொருளிலிருந்து கிடைக்கும் இது கைகழுவும் சானிடைசரிலும், மின்னணுச் சாதனங்களைத் துடைப்பதற்கும் பயன்படுகிறது.

நான்காவது அமைல் ஆல்கஹால். எரிசாராயம் வடிக்கும்போது தனியே பிரியும் பியூசல் எண்ணெயிலிருந்து எடுக்கப்படுகிறது. இதன் பெயரை விவசாயிகள் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் கறவை மாடு வைத்திருப்போரின் வருமானத்தோடு நெருங்கிய தொடர்பு உடையது இது.

இந்த நான்கும் நிறமற்றவை, தண்ணீர் போலத் தெரிபவை, தீப்பற்றக்கூடியவை. பார்வையால் பிரித்தறிய முடியாது. இதை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம்.

தொழுவத்திலும் தோட்டத்திலும்

பால் சொசைட்டியில் சில நாட்களில் பாலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாலுடன் சம அளவு ஸ்பிரிட் கலந்து பார்க்கும் சோதனைதான் இதற்குக் காரணமாக இருக்கும். 68 சதவீத எத்தில் ஆல்கஹால் 5 மில்லியும் பால் 5 மில்லியும் சோதனைக் குழாயில் கலந்து பார்க்கிறார்கள். நல்ல பாலாக இருந்தால் குழாய்ச் சுவரில் திப்பி ஒட்டாது. புளிக்கத் தொடங்கிய பாலாக இருந்தால் உடனே திரியும். கன்று ஈன்ற முதல் சில நாட்களின் சீம்பாலும், மடிநோய் கண்ட மாட்டின் பாலும் இதே போல் திரியும். ஆகவே பால் திரும்பி வந்தால் சொசைட்டிக்காரரோடு சண்டை போடுவதற்கு முன், பாத்திரம் சுத்தமாக இருந்ததா, மடியில் வீக்கம் உண்டா, சீம்பால் கலந்துவிட்டதா என்று பார்ப்பது நல்லது. மடிநோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள இது ஓர் எச்சரிக்கை மணி.

பாலில் கொழுப்பைக் கண்டறியும் கெர்பர் சோதனையில் கந்தக அமிலத்தோடு 1 மில்லி அமைல் ஆல்கஹால் சேர்க்கப்படுகிறது. கொழுப்பு தெளிவாகப் பிரிந்து நிற்க அது உதவுகிறது. தரமற்ற அமைல் ஆல்கஹாலைப் பயன்படுத்தினால் கொழுப்பின் அளவு தவறாகக் காட்டும். கொழுப்புக்கு ஏற்பத்தான் பாலுக்கு விலை. இப்போது பல சொசைட்டிகளில் மின்னணுக் கருவி வந்துவிட்டது. இருந்தாலும் அந்தக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கக் கெர்பர் சோதனை இன்றும் தேவைப்படுகிறது. கரும்புத் தோட்டத்தின் ஒரு துளி, பால்காரரின் கூலியை நிர்ணயிக்கும் இடம் இது.

பிறந்த கன்றின் தொப்புள்கொடியில் தடவும் டிங்சர் அயோடின், அயோடினை ஆல்கஹாலில் கரைத்துச் செய்யப்பட்டது. ஊசி போடும் முன் கால்நடை மருத்துவர் பஞ்சில் நனைத்துத் துடைப்பதும் ஸ்பிரிட்தான். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவோர், ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும் முன் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தால் நோய் பரவுவது குறையும். திசு வளர்ப்பு வாழைக்கன்று தயாரிக்கும் கூடங்களில் மேசை, கை, கத்தி எல்லாவற்றையும் 70 சதவீத ஆல்கஹால் கொண்டே சுத்தம் செய்கிறார்கள்.

இங்கே ஒரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். கிருமியைக் கொல்வதில் 95 சதவீத ஸ்பிரிட்டைவிட 70 சதவீத ஸ்பிரிட்டே வல்லது. கிருமியின் உள்ளே புகுந்து புரதத்தைக் கெடுக்கச் சிறிது தண்ணீரும் வேண்டும். முழுச் செறிவுள்ள ஸ்பிரிட் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. அதிகம் ஊற்றினால் அதிகப் பலன் என்ற எண்ணம் உரத்தில் மட்டும் அன்று, இதிலும் தவறுதான்.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது நாடெங்கும் சானிடைசருக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்போது சர்க்கரை ஆலைகளைச் சேர்ந்த வடிசாலைகளே பெருமளவில் அதைத் தயாரித்துக் கொடுத்தன. ஊரே கை கழுவிய அந்த மருந்தின் தொடக்கம் ஒரு கரும்பு வயல் என்பதை அன்று யாரும் பேசவில்லை.

ஆலைகளிலும் பட்டறைகளிலும்

தொழில் துறையில் ஆல்கஹாலின் இடம் இன்னும் பெரிது. எத்தனாலிலிருந்து அசிட்டிக் அமிலமும் எத்தில் அசிட்டேட்டும் செய்கிறார்கள். பெயிண்ட், அச்சு மை, பசை, மருந்து, வாசனைத் திரவியம் ஆகிய தொழில்கள் இவற்றை நம்பி இருக்கின்றன. தச்சர்கள் மரச் சாமான்களுக்கு அடிக்கும் பிரெஞ்சு பாலிஷ் என்பது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்ததே.

உத்தரப் பிரதேசத்தில் பரேலி அருகே 1963-இல் தொடங்கிய ஒரு தொழிற்சாலை, ஆல்கஹாலை மூலப்பொருளாகக் கொண்டு செயற்கை ரப்பர் செய்தது. டயர் வண்டிகள் கிராமத்துக்கு வந்த காலத்தில், வண்டி சுமந்த கரும்பே ஒரு வகையில் அந்த வண்டியின் சக்கரமாகவும் திரும்பி வந்தது எனலாம். பின்னர் பெட்ரோலியப் பொருட்கள் மலிந்தபோது இத்தகைய தொழில்கள் பலவும் அந்தப் பக்கம் சாய்ந்தன.

மெத்தனாலுக்கும் தொழிலில் நியாயமான இடம் உண்டு. பார்மால்டிஹைடு என்னும் பொருள் இதிலிருந்தே தயாராகிறது. பிளைவுட் பலகைகளை ஒட்டும் பிசினுக்கும், கோழிப்பண்ணைகளில் முட்டை பொரிப்பு அறையைப் புகையூட்டிச் சுத்தம் செய்யும் பார்மலினுக்கும் அதுவே ஆதாரம். தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்யவும் மெத்தனால் தேவை. ஆகவே அதை முற்றாகத் தடை செய்துவிட முடியாது. கண்காணிப்பு ஒன்றே வழி.

பெட்ரோலில் கலந்த பின்

பெட்ரோலில் ஆல்கஹால் கலப்பது புதிய யோசனை அன்று. இதற்கென இந்தியாவில் 1948-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அது நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்து 2000-இல் நீக்கப்பட்டது. 2003-இல் தமிழ்நாடு உள்ளிட்ட 9 மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. 2013-14-இல்கூட நாட்டின் சராசரி 1.5 சதவீத அளவில்தான் இருந்தது. அதன்பின் வேகம் பிடித்து, 2022 ஜூனில் 10 சதவீதத்தையும் 2025-இல் 20 சதவீதத்தையும் எட்டியது. 2030-க்கு என்று வைத்த குறி ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டப்பட்டது.

இதன் பலன் விவசாயிக்கு இரு வழியில் தெரியும். ஒன்று, அவர் பயன்படுத்தும் எந்திரத்தில். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான வெப்பசக்தி உடையது. புல்வெட்டும் கருவி, விசைத்தெளிப்பான், சிறு பம்ப்செட் போன்றவற்றில் பருவம் முடிந்தபின் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைத்தால், நீர் பிரிந்து அடியில் தங்கி, கார்புரேட்டரைக் கெடுக்கலாம். ஆகவே வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்துவிட வேண்டும். பெட்ரோல் கேனை இறுக மூடி வைக்க வேண்டும். பழைய எந்திரங்களில் ரப்பர்க் குழாயை அவ்வப்போது பார்த்து, ஊறி உப்பியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

மற்றொன்று விலையில். இங்கேதான் உண்மையான கேள்வி எழுகிறது.

கணக்குச் சீட்டில் இல்லாத வரவு

ஒரு டன் கரும்பை அரைத்தால் சுமார் 45 கிலோ கழிவுப்பாகு கிடைக்கும். சர்க்கரை முழுவதும் எடுத்தபின் எஞ்சும் கடைசிப் பாகு இது. இதிலிருந்து சுமார் 10 லிட்டர் எத்தனால் எடுக்கலாம். 2024-25 எத்தனால் ஆண்டில் எண்ணெய் நிறுவனங்கள் இந்த வகைக்குக் கொடுத்த விலை லிட்டர் 57 ரூபாய் 97 காசு. அதாவது டன்னுக்கு ஏறத்தாழ 580 ரூபாய். ஏக்கருக்கு 40 டன் எடுப்பவரின் கரும்பில் சுமார் 23,000 ரூபாய் பெறுமான எத்தனால் ஒளிந்திருக்கிறது. சர்க்கரை எடுக்காமல் சாற்றையே நேராகப் புளிக்கவைத்தால் டன்னுக்கு 70 லிட்டர் வரை கிடைக்கும். அதற்கு அந்த ஆண்டில் லிட்டர் 65 ரூபாய் 61 காசு விலை.

இது முழுவதும் லாபம் அன்று. வடிசாலைக்கு முதலீடு, வங்கிக் கடன் வட்டி, நீராவி, கூலி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்று ஆலைக்குச் செலவுகள் உண்டு. எல்லா ஆலைகளிலும் வடிசாலை இல்லை; கழிவுப்பாகை அப்படியே விற்கும் ஆலைகளும் உண்டு. இதை மறுப்பது நியாயம் ஆகாது. ஆனால் செலவு போக நிற்பது எவ்வளவு என்று கரும்பு கொடுத்தவருக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா?

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை, சர்க்கரைக் கட்டுமானம் 10.25 சதவீதம் என்ற அடிப்படையில் குவிண்டாலுக்கு 355 ரூபாய். கட்டுமானம் 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளில் 329 ரூபாய் 5 காசு. கழிவுப்பாகு, சக்கை, ஆலை அழுக்கு ஆகியவற்றின் வரவும் விலை நிர்ணயத்தில் கவனிக்கப்பட வேண்டும் என்று கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆனால் விலை ஏறுவதும் இறங்குவதும் சர்க்கரைக் கட்டுமானத்தை ஒட்டியே. சாறு நேராக வடிசாலைக்குப் போகும் காலத்தில், சர்க்கரையை மட்டும் அளவுகோலாக வைத்திருப்பது மாட்டின் கொம்பைப் பார்த்து விலை பேசுவது போன்றது.

இந்த அநீதியை அரசு அறியாமல் இல்லை. ஆலையின் கூடுதல் லாபத்தில் விவசாயிக்குச் சரிபாதி என்ற விதி 1974-இல் சேர்க்கப்பட்டது. 2009-இல் விலை முறையை மாற்றியபோது அது கைவிடப்பட்டது. 2012-இல் ரங்கராஜன் குழு, சர்க்கரையும் உபபொருட்களும் சேர்ந்த மதிப்பில் 70 சதவீதம், அல்லது சர்க்கரை விலையில் மட்டும் 75 சதவீதம், விவசாயிக்குச் சேர வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு 2018-இல் சட்டமே வந்தது. 2024-25 அரவைப் பருவத்துக்கு மாநில அரசு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகை அறிவித்தது. அதை வரவேற்க வேண்டும். ஆனால் ஊக்கத்தொகை என்பது அரசு கொடுப்பது. ஆண்டுக்கு ஆண்டு கேட்டுப் பெற வேண்டியது. பங்கு என்பது விளைவித்தவருக்கு உரியது. இரண்டும் ஒன்றல்ல.

கொள்கை மாறினால் அடிபடுபவர் யார் என்பதற்கும் அண்மையில் ஒரு பாடம் கிடைத்தது. 2023 டிசம்பரில், சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில், கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. 2024 ஆகஸ்டில்தான் அது விலக்கப்பட்டது. ஆலை தன் திட்டத்தை ஒரே வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம். நட்ட கரும்பை விவசாயி மாற்ற முடியாது.

இதனால் எத்தனாலை நம்பி மேலும் கரும்பு நட வேண்டும் என்பது பொருள் அன்று. கிணறு தாங்காத இடத்தில் கரும்பு நடுவது கடனுக்கு வழி. இருக்கும் கரும்புக்கு உரிய மதிப்பைப் பெறுவதே முக்கியம். மக்காச்சோளத்திலிருந்தும் இன்று பெருமளவில் எத்தனால் எடுக்கிறார்கள். 2024-25-இல் லிட்டர் 71 ரூபாய் 86 காசு என்று அதற்கே அதிக விலை. பெரம்பலூர் பக்கத்து மானாவாரி விவசாயிக்கு இது ஒரு புதிய சந்தை. அதே சமயம் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரருக்குத் தீவன விலை ஏறும் கவலை. மக்காச்சோளத்தை வடித்தபின் எஞ்சும் சக்கை, புரதம் மிகுந்த தீவனமாக விற்பனைக்கு வருகிறது. ஆனால் பூசணம் பிடித்த தானியத்தை வடித்திருந்தால், அதன் நச்சு சக்கையில் ஏறத்தாழ மூன்று மடங்காகச் செறிந்து நிற்கும். பரிசோதனைச் சீட்டு இல்லாமல் வாங்கி மாட்டுக்கோ கோழிக்கோ போடுவது ஆபத்து.

மண்ணுக்குச் சேர வேண்டிய பங்கு

காசுக் கணக்கைவிட ஆழமான கணக்கு ஒன்று உண்டு. எத்தனாலில் இருப்பவை கரி, ஹைட்ரஜன், பிராணவாயு ஆகிய மூன்று மட்டுமே. இவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கரும்பு எடுத்துக்கொண்டவை. மண்ணிலிருந்து எடுத்த சத்து ஒரு துளிகூட எரிசாராயத்தில் போவதில்லை. அப்படியானால் விவசாயி காசு கொடுத்து வாங்கிப் போட்ட பொட்டாஷ் எங்கே போகிறது? சாற்றோடு கழிவுப்பாகுக்கும், பாகிலிருந்து வடிசாலையின் கழிவுநீருக்கும் போய்ச் சேருகிறது.

ஒரு லிட்டர் எரிசாராயத்துக்கு 8 முதல் 15 லிட்டர் வரை பழுப்பு நிறக் கழிவுநீர் வெளியாகிறது. அதைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் மீன் செத்து மிதக்கும். கிணற்று நீர் நிறம் மாறும். பக்கத்து வயல் கெடும். வடிசாலை உள்ள ஊர்களில் இந்த வேதனை புதிது அன்று. ஆகவேதான் கழிவுநீரை ஆலைக்கு வெளியே விடவே கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக்கப்பட்டன.

அதே கழிவுநீரை ஆலை அழுக்கின் மீது தெளித்து மக்கவைத்தால் நல்ல எரு ஆகும். கெட்டியாக்கிக் கொதிகலனில் எரித்தால் கிடைக்கும் சாம்பலில் பொட்டாஷ் இருக்கிறது. 14.5 சதவீதப் பொட்டாஷ் உள்ள அந்த உரத்தை 2021-இல் மத்திய அரசு மானியப் பட்டியலில் சேர்த்தது. பொட்டாஷ் உரத்துக்கு ஏறத்தாழ முழுவதுமாக வெளிநாட்டை நம்பியிருக்கும் நாட்டில் இது சிறிய செய்தி அன்று. ஆனால் தன் வயலிலிருந்து போன சத்தையே மூட்டையாக்கி விற்றால், அதற்கும் விவசாயி முழு விலை கொடுக்க வேண்டுமா? ஆலையில் கரும்பு பதிவு செய்தவருக்கு, கொடுத்த டன்னுக்கு ஏற்ப எருவும் சாம்பல் உரமும் அடக்க விலையில் திரும்பக் கிடைக்க வேண்டும். கூட்டுறவு ஆலைகள் இதில் முன்னே நிற்கலாம்.

விஷத்துக்கும் இதே நிறம்

2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் விஷச் சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டிலும் கொன்றது மெத்தனால். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்துப் பிழைப்பவர்கள்.

மெத்தனால் வயிற்றில் இறங்கியவுடன் கொல்வதில்லை. ஈரல் அதைப் பார்மால்டிஹைடாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலமே பார்வை நரம்பைத் தாக்குகிறது. இரத்தத்தைப் புளிக்கச் செய்கிறது. இதற்குப் பல மணி நேரம் ஆகும். குடித்தவர் அன்று இரவு சாதாரணமாகத் தூங்கிவிட்டு, மறுநாள் கண்முன் பனி மூடியது போல் இருக்கிறது என்பார். தலைவலி, வயிற்றுவலி, வாந்தி, மூச்சிரைப்பு தொடரும். 10 மில்லி அளவே கண்ணைப் பறிக்கக்கூடும். 30 மில்லி உயிரைப் போக்கக்கூடும்.

ஒரே இடத்தில் குடித்த ஒருவருக்கு உடம்புக்கு ஆகவில்லை என்றால், கூடக் குடித்த அனைவரையும், நன்றாக இருப்பவரையும் சேர்த்து, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மோரும் எலுமிச்சைச் சாறும் இதற்கு மருந்து ஆகா. போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் மறைப்பது உயிருக்கே வினையாகும். மாற்று மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சையும் இருக்கின்றன. நேரத்தோடு போனால் பிழைக்க வழி உண்டு.

வீட்டிலும் எச்சரிக்கை தேவை. பாலிஷ் ஸ்பிரிட், தின்னர், சானிடைசர் எதையும் சோடா பாட்டிலிலோ மருந்து பாட்டிலிலோ ஊற்றி வைக்கக் கூடாது. தொழில் உபயோக ஸ்பிரிட்டைக் குடிக்காமல் இருக்கச் செய்வதற்காகவே அதில் மெத்தனால் போன்ற நச்சுப் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. சூடாக்கினாலும் தண்ணீர் கலந்தாலும் அது நல்ல சரக்கு ஆகிவிடாது. ஆல்கஹால் எரியும் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கையில் சானிடைசர் ஈரத்தோடு அடுப்பருகே போகக் கூடாது.

மெத்தனாலையும் தொழில் ஸ்பிரிட்டையும் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1959-லேயே விதிகள் வந்துவிட்டன. விதி இருந்தும் உயிர்கள் போயின என்றால், ஒவ்வொரு டிரம்மும் எங்கிருந்து புறப்பட்டு எங்கே காலியானது என்று பார்ப்பவர் இல்லை என்றே பொருள். தொழில் உபயோக ஆல்கஹால் மீது மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பரேலி ரப்பர்த் தொழிற்சாலை தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்பு அது. 2024 அக்டோபர் 23 அன்று 9 நீதிபதிகள் அமர்வு, 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில், அந்த அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதிகாரம் வந்தபின் கட்டணம் வசூலிப்பதோடு நின்றுவிடக் கூடாது. கண்காணிக்கும் பொறுப்பும் கூடவே வருகிறது.

கேட்க வேண்டியவை

சிறு விவசாயிகள் தனித்தனியே கேட்டால் எதுவும் நடவாது. கூட்டுறவு ஆலையின் பேரவைக் கூட்டம் இருக்கிறது. தனியார் ஆலைப் பகுதிகளில் கரும்பு விவசாயிகள் சங்கம் இருக்கிறது. கிராம சபை இருக்கிறது. இவற்றில் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

பருவ முடிவில் ஒவ்வோர் ஆலையும், அரைத்த கரும்பு எத்தனை டன், எடுத்த சர்க்கரை எவ்வளவு, கழிவுப்பாகு எவ்வளவு, அதிலிருந்து வடித்த எத்தனால் எத்தனை லிட்டர், என்ன விலைக்கு விற்றது என்பதைக் கரும்புக் கோட்ட அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். உபபொருள் வரவில் செலவு போக நிற்பதில் ஒரு பங்கு, ஊக்கத்தொகை என்ற பெயரில் அல்லாமல், கரும்பு விலையின் பகுதியாகவே வர வேண்டும். வயலிலிருந்து போன பொட்டாஷ் வயலுக்கே திரும்ப வேண்டும். வடிசாலையைச் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவு அந்தந்த ஊராட்சியில் ஒட்டப்பட வேண்டும். மெத்தனால் டிரம்களின் கணக்கு, அவை புறப்படும் இடம் முதல் காலியாகும் இடம் வரை சரிபார்க்கப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் சலுகை அன்று. வெட்டு உத்தரவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, காய்ந்த கரும்பின் எடை இழப்பையும் தாங்கிக்கொண்டு, நிலுவைத் தொகைக்கு நடையாய் நடக்கும் விவசாயிக்குத் தன் பொருள் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அடுத்த முறை எடைச் சீட்டைக் கையில் வாங்கும்போது, அதில் எழுதாத 10 லிட்டரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பேரவைக் கூட்டத்தில் அதைப் பற்றி ஒருவர் எழுந்து கேட்டால் போதும்; மற்றவர்களும் கேட்பார்கள்.